சனிக்கிழமைக் கேள்விகள்

மெல்ரோய் சேர் வெள்ளவத்தையில் வகுப்பு நடத்தினார். எண்களை மாற்றினால் போதும், கணினித் திரையில் கட்டடத்தின் கூரை அலைபோல வளையும். அந்த மென்பொருளைத்தான் கற்பித்தார்.

"சேர், வளைவைக் கூட்டினா கூரைக் கண்ணாடியெல்லாம் ஒண்டோட ஒண்டு பொருந்துதில்லையே, என்ன செய்யிறது?" என்று கேட்டாள் ஷெரோமி.

"நல்ல கேள்வி. வாற சனிக்கிழமை சொல்லுறன்."

சொன்ன மாதிரியே அடுத்த வாரம் அழகாக விளக்கினார். ஷெரோமி அதைவிடக் கடினமாக இன்னொன்று கேட்டாள். அதற்கும் ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இப்படியே பத்து வாரம் போனது.

"சேருக்குத் தெரியாத ஒண்டுமே இல்ல, என்ன?" என்று வியந்தாள் பக்கத்தில் இருந்த றஷ்மி.

"ஓம்" என்றாள் ஷெரோமி.

கடைசி நாளில் சேர் ஷெரோமியின் சேர்ட்டிபிக்கட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது இல்லாமல் வரவேண்டாம் என்று ஹெவ்லொக் டவுன் கம்பெனி ஒன்று, வேலை கேட்டுப் போன அவளை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தது.

"கெட்டிக்காரிதான். ஆனா இன்னும் கொஞ்சம் பழகோணும்" என்றார் சேர்.

"சரி சேர்."

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்ததும், முகம் காட்டாமல், குரலும் கொடுக்காமல் மூன்று வருடமாகத் தான் நடத்திவரும் அதே மென்பொருளுக்கான யூடியூப் பாடங்களைத் திறந்தாள். சனிக்கிழமைதோறும் அங்கே சந்தேகம் கேட்கும் மெல்ரோய், இன்றும் எழுதியிருந்தார்:

"டீச்சர், நீங்க சொல்லித் தந்த எல்லாத்துக்கும் நன்றி. கஷ்டமான கேள்வி கேக்கிற பிள்ளை இண்டைக்குக் கோர்ஸ் முடிச்சுப் போயிட்டா. இனி நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

ஷெரோமி அதற்கு ஒரு லைக் போட்டாள்.