பக்கத்தில் உட்காராதவர்கள்

"அநியாயம்லா இது! என் தம்பி பக்கத்துல ஒருத்தனாச்சும் உக்காருறானா பாருங்க!"

ஷாமளா எழுந்தே நின்றுவிட்டாள். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டிருந்த அவள் கணவன் மூர்த்தி, "நீ மொதல்ல உக்காரு. பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது" என்றான்.

தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து இரண்டு வெளிநாட்டு பேஸ்பால் அணிகள் பயிற்சிக்காக ஜொகூர் பாருவுக்கு வந்திருந்தன. அவற்றில் ஒன்றில்தான் அவள் தம்பி ஜீவன் ஆடுகிறான். இதே ஜொகூரில் காஹாங் ஊர்ப் பையன். பந்து எறிவதுதான் அவனுக்குச் சம்பள வேலை. வயது முப்பத்து மூன்று ஆகிவிட்டது. அடுத்த வருஷமும் அவனை வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டச் சொல்வதா என்று மேலாளர் இன்றைய ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறார்.

ஜீவன் பிரமாதமாக எறிந்தான். எதிரணியில் மட்டையோடு வந்தவனெல்லாம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு பந்துகூட உருப்படியாகப் படவில்லை.

ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்தும் அவன் பெஞ்சுக்கு வந்தால், அங்கே இருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல எழுந்து மறு கோடிக்குப் போய்விட்டார்கள். தட்டிக்கொடுக்க ஆளில்லை. ஒரு வார்த்தை பேச ஆளில்லை. தண்ணீர் கொண்டுவந்தவன்கூட பாட்டிலை எட்ட வைத்துவிட்டு ஓடினான்.

"பாத்தீங்களா? தண்ணியக்கூட தூர வச்சிட்டுப் போறான்! எஸ்டேட்ல தொரை வீட்டுல நம்ம ஆளுங்களுக்கு இப்படித்தான் வச்சாங்களாம்."

"உனக்கு எல்லாமே தப்பாத்தான் தெரியும்."

"நீங்க கச்சாங் தின்னுங்க. நான் கேட்டுட்டு வரேன்."

மூர்த்தி கையைப் பிடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். செனாய் தொழிற்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிறவள். இங்கிலீஷ் சரளமாக வரும். கோபம் வந்தால் இன்னும் சரளமாக வரும்.

"என்ன மனுஷங்கய்யா நீங்க?" பெஞ்சு முன்னால் நின்று இங்கிலீஷில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "கறுப்பா இருக்கான்னு ஒதுக்கி வச்சிருக்கீங்களா? இவன் போட்ட பந்தை இதுவரைக்கும் ஒருத்தனாலயும் அடிக்க முடியல. இவனால ஜெயிக்கிறது மட்டும் இனிக்குது, பக்கத்துல உக்காந்தா கசக்குதா?"

பெஞ்சு முழுக்க இழவு வீடு போல் ஆகிவிட்டது. ஒருத்தன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். இன்னொருத்தன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ஷாமளா சட்டை செய்யவில்லை. தம்பி பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். ஜீவன் கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டான்.

அவன் எறியும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் ஓடி வந்து, அவளைத் தனியாக அழைத்துப் போனான்.

"மேடம், இது எங்க ஆட்டத்துல உள்ள பழக்கம். பந்து போடுறவர் ஒரு அடிகூட வாங்காம ஆடுற அன்னைக்கு, ஆட்டம் முடியற வரைக்கும் நாங்க யாரும் அவர்கூட பேச மாட்டோம், பக்கத்துல உக்கார மாட்டோம். அவர் அடி வாங்கலங்கிறதை வாய் விட்டுச் சொல்லவே மாட்டோம். சொன்னா ராசி கெட்டுடும். அவருக்கு நாங்க குடுக்கிற பெரிய மரியாதை மேடம் இது."

ஷாமளா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அலமாக்! நான் சொல்லிட்டேனே! சத்தம் போட்டு வேற சொல்லிட்டேனே!"

தலையைக் குனிந்துகொண்டு மூர்த்தியிடம் திரும்பி வந்தாள். ஜீவன் மறுபடி எறியப் போனான். முதல் பந்துதான். எதிரே நின்றவன் அடித்த அடியில் அது வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

மொத்த அணியும் திரும்பி ஷாமளாவைப் பார்த்தது. மூர்த்தி மட்டும் பார்க்கவில்லை. பொட்டலத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"போச்சுங்க. என் தம்பி பொழப்புல நானே மண்ணைப் போட்டுட்டேன்." அதற்குப் பிறகு அவளுக்கு ஆட்டம் கண்ணில் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

நல்லவேளை, அந்த ஓர் அடியோடு சரி. ஜீவன் அணிதான் ஜெயித்தது. மேலாளரே வந்து அவன் கையைக் குலுக்கி, அடுத்த வருஷமும் நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷாமளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேராக ஆட்டக்காரர்களிடம் போய்க் கைகூப்பினாள். "மன்னிச்சிடுங்க. உங்க மரியாதை தெரியாம அசிங்கமா பேசிட்டேன். என் மேலதான் தப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். கேட்சர் தலை தாழ்த்தி வணங்கினான். பிறகு ஒருத்தர் தோளில் ஒருத்தர் கை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ஜீவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து பையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உன்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும்டா தம்பி. எவ்வளவு நல்ல பசங்க! அவங்களைப் போயி கறுப்பு, ஒதுக்குறீங்கன்னு என்னென்னமோ பேசிட்டேன். மனசே ஆறல."

"விடுக்கா. அவன் சொன்னது நெசந்தான். இன்னைக்கு மரியாதைக்குத்தான் யாரும் பேசல."

ஜீவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"மத்த நாள்லயும் இந்த மாதிரி தனியாத்தான் உக்காந்திருப்பேன். அதுக்குக் காரணம் நீ சொன்னதுதான்கா."