ஆறு மூச்சுப் பந்து

மாப்பிள்ளை பந்து ஊதிக் காட்டினால்தான் தட்டு மாற்றலாம் என்று நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் கோதண்டம் குறுக்கே நின்றுவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று, வைகாசி மாதம். திருவொற்றியூர் சுப்புராயன் மகள் நீலாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை பாஸ்கர். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் வேலை. கூடவே இருமல். டி.பி.யாம் என்று ஒரு வாரமாக உறவுக்குள் ஒரே குசுகுசு.

கரித்தூள் இருமல்தான், இரண்டு மாதத்தில் போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். யார் நம்பினார்கள்? சம்பந்தத்தை விட்டுவிடலாமா என்று சுப்புராயனே தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"காயிதம் இன்னா வோணா சொல்லும், பந்து பொய் சொல்லாது," என்றான் கோதண்டம். "உள்ள எவ்ளோ காத்து போவுதோ அவ்ளோதான் உப்பும். நல்ல நெஞ்சுக்காரனுக்கு ஆறு மூச்சு. அதுக்கு மேல போனா இந்த சம்பந்தம் வாணாம்."

துறைமுக டீமில் கால்பந்து ஆடுகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

கட்டினால் பாஸ்கரைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்ற நீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் மாமனா, எமனா?

கோதண்டம் தோல்பந்தை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் ரப்பர் பையின் குழாயை மட்டும் வெளியே நீட்டினான். பாஸ்கர் ஊதினான். ஒன்று, இரண்டு என்று வீடே எண்ணியது. மூன்றாவதில் இருமல் வந்தது. நீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலாவது மூச்சில் பந்து கிண்ணென்று நின்றது.

வீடு இரண்டுபட்டது. இது நெஞ்சா, கொல்லன் துருத்தியா என்று சுப்புராயன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். குசுகுசுத்த வாய்களே முந்திக்கொண்டு குலவையிட்டன. தட்டு மாறியது. பந்தைத் தொட்டுப்பார்க்க வந்தவர்களை மட்டும் கோதண்டம் சிடுசிடுவென்று விரட்டிவிட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

நீலாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இனி மாமன் முகத்தில் விழிப்பதில்லை என்று மாமன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வர, சாயங்காலம் கிளம்பிப் போனாள்.

அங்கே அத்தை கன்னியம்மா கொடிக்கும் பெட்டிக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"யோவ், என் மஞ்சா சேலைய காணோம்யா."

கோதண்டம் பந்தின் வாயைக் கட்டியிருந்த தோல்வாரை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்:

"கத்தாத. பந்துல பாதி உன் சேலதான்."