மிளகாய் காய்ந்த மாடி

வியாழக்கிழமை பிற்பகல் கடும் இடிமின்னலுக்கு வாய்ப்பு என்று திங்களன்றே கைப்பேசி சொல்லிவிட்டது. மறுநாள் பார்த்தால், வரைபடத்தில் ஊரின் மேலிருந்த மஞ்சள் ஆரஞ்சாகியிருந்தது. தவசிமுத்து சந்தைக்குப் போய் ஒரு மூட்டை மிளகாய் வாங்கிவந்து மொட்டை மாடியில் தானே பரப்பினான். குழம்பில் உப்புக் கூடியும் அன்று தட்டைத் தூக்கி எறியவில்லை. அவன் மனைவி சொர்ணத்துக்கு வாயெல்லாம் பல். வானம் இருட்டினால் அவள்தான் ஓடிப்போய் அள்ளுவாள். மின்னல் மேல் எந்தப் போலீஸும் வழக்குப் போடாது.

வியாழன் மதியம் மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.

"மிளகா நனையப் போவுது, ஓடு!"

"ஏணியப் புடிச்சுக்கிடுங்க. சிமெண்டுத் தரை, வழுக்கும்."

இரும்பு ஏணி. எதிர்வீட்டு வாசலில் பொன்னுத்தாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டான். சொர்ணம் விறுவிறுவென்று ஏறிப்போனாள். தலைக்கு மேலேயே இடி உருண்டது.

"போதும், எறங்குடி!" என்று கத்தினான்.

"நீங்க ஆசையா வாங்கியாந்தது. ஒண்ணக்கூட நனைய விடமாட்டேன். ஏணிய மட்டும் விட்டுறாதீங்க."

சட்டென்று காற்று நின்றது. இரும்பு ஏணி மெல்ல ரீங்கரித்தது. ஏணியைப் பற்றியிருந்த அவன் கைகளில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.