ஏஞ்சல் லேடீஸ் கார்னர்

"விக்கிறதுக்கு இல்லைன்னா இல்லை! சொல்லிக்கிட்டே இருக்கேன், போங்க அங்குட்டு!"

முன்வாசலில் மருது போட்ட அதட்டல், எல்லாக் கட்டுகளையும் தாண்டிப் பின்கட்டு வரை வந்தது. பழைய வீட்டுத் தூண்களை விலைக்குக் கேட்கும் வியாபாரிகள் மறுபடி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஞானபூரணி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். கடைசியாக ஒரு தடவை.

காரைக்குடியின் அந்தப் பெரிய வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்கார ஆச்சி பினாங்கில் இருந்தார், காவலுக்கு மருது. பின்வாசலை ஒட்டிய அறைதான் ஞானபூரணியின் தையல் கடை.

சற்று நேரத்தில் மருது வீட்டுக்குள்ளேயே நடந்து வந்து சேர்ந்தார். கையில், முன்வாசலுக்கு வந்த ஒரு தபால்.

"உனக்குத்தான் ஆத்தா. திருப்பூருன்னு போட்டிருக்கு. நல்ல சேதியா?"

பிரித்துப் பார்த்தாள். "பனியன் கம்பெனியில வேலை போட்டுட்டாகண்ணே. திங்கக்கிழமை வந்து சேரச் சொல்றாக."

"அப்ப பெல்சி?"

"கான்வென்ட் ஹாஸ்டல்லதான் விடணும். மதருகிட்டப் பேசிட்டேன். 'என்னையத் தனியா விட்டுட்டுப் போகாதம்மா'ன்னு அது காலக் கட்டிக்கிட்டு அழுகுது. அவுக அப்பா இருந்தா இந்தக் கேடு வருமா?"

மருது வாசற்படியில் உட்கார்ந்தார். "உன் தையலுக்கு என்ன குறைச்சல்? டிவியில விளம்பரம் போட்டியே, அதுக்குமா ஒருத்தரும் வரலை?"

"நீங்க பாக்கலையா?"

"எங்கிட்ட ஏது டிவி? இருக்கிற ரேடியோவே இருமிக்கிட்டுக் கெடக்கு."

அவள் காதைத் தடவினாள். தோடு இருந்த இடத்தில் இப்போது வேப்பங்குச்சி. அந்தத் தோட்டை விற்றுத்தான் விளம்பரம் போட்டாள்.

கேபிள் டிவிக்கார சிவபிரகாஷ் எத்தனை அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொண்டான்! "'பூரணி டைலர்'னா யாரு அக்கா திரும்பிப் பாப்பாக? 'ஏஞ்சல் லேடீஸ் கார்னர்'னு போடுவோம். அட்ரஸ் சொல்லுங்க." தபால் வருகிற விலாசத்தை அப்படியே சொன்னாள். சாயங்காலப் படத்துக்குக் கீழே அந்த எழுத்து ஓடுவதைப் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, இனிமே கூட்டம் வந்துரும்" என்று பெல்சி குதித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

கூட்டம் வந்ததும் பலகையை மாற்றி எழுதலாம் என்று ஞானபூரணியும் காத்திருந்தாள். ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. பழைய பலகை பழையபடியே தொங்கியது.

"சகாய மாதாகிட்டயும் கேட்டுப் பாத்துட்டேண்ணே. அவுகளுக்கும் காது கேக்கலை போல."

"உனக்கு வேண்டிய ஆளு வர மாட்டேங்குது. எனக்கு வேண்டாத ஆளா வந்து உசிர வாங்குது," என்றார் மருது. "ஒருத்தன் கரண்டு மீட்டர் பாக்க வந்தேங்குறான். ஒருத்தன் சினிமா எடுக்கப் போறேங்குறான். உள்ள விட்டா தேக்குத் தூணுக்கு வெலை பேசுவான். 'வாசப்படி தாண்ட விடாதே மருது'ன்னு ஆச்சி பினாங்குல இருந்து போன்ல கத்துறாக. இந்த மாசம் புதுத் தந்திரம், பொம்பளையாளுகளா அனுப்புறாய்ங்க!"

"பொம்பளைகளயா?"

"ஆமாங்கிறேன். ஆளுக்கொரு பையோட வாராளுக. அட்வான்ஸாத்தான் இருக்கும். நான் விடுவனா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே டெம்போ வந்து நின்றது. மெஷினை விலை பேசியிருந்த தேவகோட்டை சின்னக்கண்ணு இறங்கி வந்தார். மெஷினை அசைத்துப் பார்த்தார்.

"காலு ஆடுதே தங்கச்சி."

"தரைதாண்ணே மேடு பள்ளம். எங்க அப்பா எனக்குச் சீதனமாக் குடுத்த மெஷினு, இதுவரைக்கும் ஆடினதில்லை."

டிரைவரும் அவருமாக மெஷினைத் தூக்கி ஏற்றினார்கள். கயிற்றை இறுக்கும்போது சின்னக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏன் அழுகுறீக? மனசு இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, இறக்கிர்றேன்."

"இல்லண்ணே, கொண்டு போங்க. இதை மிதிச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்க?"

முன்வாசலில் கதவு வளையம் டங்டங்கென்று தட்டும் சத்தம் கேட்டது. "வந்துட்டாளுக பாரு!" என்று மருது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். தூரத்தில் அவர் அதட்டுவதும், யாரோ ஒரு பெண் கெஞ்சுவதும் கேட்டன. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

டெம்போ கிளம்பியது. ஞானபூரணி மெஷின் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் இருந்தது.

மருது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆச்சியின் வீட்டை இன்றைக்கும் காப்பாற்றிவிட்ட பெருமை முகத்தில்.

"இப்ப வந்தவ பெரிய கைகாரி ஆத்தா. நான் நம்பணும்னு பையத் தொறந்தே காட்டுறா. உள்ள பாத்தா ரவிக்கைத் துணி! அதவிடக் கூத்து என்னன்னா, இதுக்கு முந்தி வந்தவளுக அம்புட்டுப் பேரும் சொன்ன அதே பொய்யை இவளும் சொல்றா."

டெம்போ தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன பொய்யிண்ணே?"

"'ஏஞ்சல் லேடீஸ் கார்னர் இதானே?'ன்னு."