பிச்சாண்டியின் உள்ளங்கை

எனக்கும் பிச்சாண்டிக்கும் புற்றுநோய் என்று ஒரே வாரத்தில் ஆளுக்கொரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். நோய் திரும்பாமலிருக்கப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்தார்கள், இருவரும் சேர்ந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. மூன்றாம் மாதம் பிச்சாண்டியின் உள்ளங்கைகள் கொப்பளித்து உரிந்தன. "சோத்தப் பெசைய முடியலண்ணே, பொண்டாட்டிதான் ஊட்டி விடுறா. உங்களுக்கு ஒண்ணுமே ஆகல, குடுத்து வச்சவரு," என்றார். வழவழவென்றிருந்த என் கைகளைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. மருந்து உள்ளே போனால் கை உரியலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்; மருந்து அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதத்து டப்பாக்களைக் கொடுத்தார்கள். "இதக் கொஞ்சம் புடிங்கண்ணே," என்று தன்னுடையதை என்னிடம் நீட்டிவிட்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனார். யாருடைய டப்பா என்று காட்டும் எங்கள் எண்கள் மூடியில் மட்டும்தான் ஒட்டியிருந்தன. மூடிகளை மாற்றிப் போட்டேன்.

மறுமாதம் பிச்சாண்டி இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். "பாத்தீங்களா, எல்லாம் ஆறிடுச்சு! நோயே போயிடுச்சுன்னு பொண்டாட்டி பொங்கல் வச்சுட்டா." என் பக்கத்தில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். "நீங்களும் ஒரு வாய் எடுத்துக்குங்கண்ணே." உரிந்து எரிந்துகொண்டிருந்த என் கைகளை நான் பேன்ட் பையிலிருந்து எடுக்கவில்லை.