எமில்டா கேட்ட கொழுப்பு

"கொழுப்பு கெட்டதுன்னா, நம்ம ஒடம்பு ஏன் டீச்சர் அதைத் தானே செய்யுது?"

ஒன்பதாம் வகுப்பு எமில்டா இப்படிக் கேட்டதும், பக்கத்து வகுப்பு வின்சன்ட் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "கேள்வியே கொழுப்பெடுத்த கேள்வியா இருக்கே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெசிந்தா டீச்சர், "கேட்டுச் சொல்றேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்தார்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். இலங்கையெங்கும் கலவரம், ஊரடங்கு; பஸ் ஓடவில்லை. அடுத்த வருடம்தான் மாத்தளைக்குப் போய், டொக்டர் நோபர்ட்டிடம் கேட்க முடிந்தது.

"கிருமி வந்தா, அதோட சண்டை போட வெள்ளை அணு ஒண்ணு ரெண்டாப் பெருகணும் டீச்சர். புது அணுவுக்கும் மேலே சவ்வு வேணும்ல? அதுக்குத்தான் கொலஸ்ட்ரோல்ங்கிற இந்தக் கொழுப்பு. பிரியிறதுக்கு முன்னாடியே அணு அதைக் கூடுதலாச் செஞ்சுக்கும். இல்லாட்டிப் பெருகாது."

"வரப்போறவங்களுக்கும் சேர்த்துச் சோத்துக்கு ஒலை வைக்கிற மாதிரி?"

"அதேதான்! புள்ளைக்கு இப்படியே சொல்லுங்க. கெட்டிக்காரிதான். ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்களேன், மைக்ரோஸ்கோப்புல காட்டுறேன்."

"அவ வரமாட்டா டொக்டர். நான்தான் போகணும்."

மறுநாள் டீச்சர் ரத்தோட்டை பஸ்ஸில் ஏறித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கினார். கல்லறைத் திருநாள் முடிந்துவிட்டதால் மயானத்தில் ஒருவரும் இல்லை.

ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல், காய்ச்சலில் இறந்துபோனவள் எமில்டா. அவளுடைய சிலுவைக்கு அருகில் அமர்ந்து, வகுப்பில் சொல்வது போலவே, டீச்சர் முதலிலிருந்து மெதுவாகச் சொல்லிக்கொடுத்தார்.