கூடையில் கிடந்த முட்டை

"அப்பா, முட்டை போடலன்னா நம்ம கோழியைக் கொன்னுடுவீங்களா?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

"பின்னே, சும்மா உட்கார வச்சுத் தீனி போடவா?" என்றார் தையல்காரர். அவர் வீட்டில் இருந்தது ஒரே கோழி.

அந்த வாரமே, கொல்லையில் கோழிக்கு வைத்திருந்த கூடையில் முட்டை கிடந்தது. பிறகு அநேகமாகத் தினமும் கிடந்தது.

"பயந்துடுச்சுப்பா!" என்று மகள் குதித்தாள்.

ஒரு மாலை, பக்கத்து வீட்டு டீச்சர் வேலியோரம் நின்று அலுத்துக்கொண்டார். "நீங்க கொடுத்து வச்சவரு, அண்ணே. என் கோழி தின்னுட்டுத் தூங்குது. ஞாயித்துக்கிழமை சட்டிக்குத்தான் போகப்போகுது."

மறுநாள் விடிகாலையில் கொல்லைப்பக்கம் போன தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். கூடையில் உட்கார்ந்திருந்தது டீச்சரின் கோழி. அவருடைய கோழி பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் டீச்சரின் கோழி முட்டையிட்டுவிட்டு, வேலி இடுக்கில் நுழைந்து தன் வீட்டுக்குப் போனது.

"ஆண்டவனே, இத்தனை நாளா யார் வீட்டு முட்டையைத் தின்னோம்?" என்று முணுமுணுத்தார்.

இடுக்கைக் கல் வைத்து அடைத்தார். தன் கோழிக்கு ஒரு பிடி தீனி இறைத்தார். பிறகு, சூடு ஆறாத முட்டையைக் கையில் பொத்திக்கொண்டு சுற்றிப் போய், டீச்சரின் கோழிக்கூட்டில் வைத்துவிட்டு, தெரு விழிக்குமுன் திரும்பினார்.